தெருவில் வரைந்து, தெருவில் ஆட: சேலத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாண்டிக் கட்டம், ஆடுபுலிப் பலகை, தரையில் பெரிய தாயக்கட்டம், தட்டினால் சுரம் வரும் குழாய்கள். இப்படி நாலு பேர் கூடி ஆடக்கூடியவற்றை அந்தந்தத் தெருக்காரர்களே தங்கள் கையால் பொது இடத்தில் செய்துவைப்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. அம்மாப்பேட்டையில் கேட்டாலும் ஏற்காட்டில் கேட்டாலும் வருவது ஏறத்தாழ அதே கேள்விகள்தான். அதனால் பதில்களை எழுதியே வைத்துவிட்டோம்.

சுவரில் படம் வரைவதுதானே இது?

சுவர்ப் படம் பார்ப்பதற்கு. இது கையும் காலும் வைப்பதற்கு. சென்னை கண்ணகி நகரில் 2020 வாக்கில் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வந்தன, அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவை கேட்பது உங்கள் கண்ணை மட்டும்.

நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: தனியாக ஒருவர் வந்தால் அது முழுதாகப் பயன்படக் கூடாது. பக்கத்தில் நிற்பவரை "வாங்க, ஒரு கை போடுங்க" என்று கூப்பிட வைக்க வேண்டும். கனடாவின் மான்ட்ரியலில் 2011இல் 21 ஊஞ்சல்களை வரிசையாக மாட்டினார்கள். ஒவ்வொன்றும் ஆடும்போது ஒரு சுரம் எழுப்பும். ஒருவர் ஆடினால் அந்த ஒற்றைச் சுரம்தான் கேட்கும். பக்கத்தில் இருப்பவர்களோடு சேர்ந்து ஒரே வீச்சில் ஆடினால் மெட்டே வரும். முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் காலை ஒருவர் பார்த்து வேகத்தைச் சரிசெய்துகொண்டார்கள். 2019இல் அமெரிக்கா, மெக்சிகோ எல்லை வேலியின் இடுக்குகளில் மூன்று இளஞ்சிவப்பு ஏற்ற இறக்கப் பலகைகளைச் செருகினார்கள் இரண்டு கட்டடக்கலைஞர்கள். இந்தப் பக்கம் ஒரு குழந்தை, அந்தப் பக்கம் ஒரு குழந்தை. சிறிது நேரம்தான் இருந்தது. ஆனால் எதிரே ஆள் உட்காராமல் அந்தப் பலகை அசையாது, பாருங்கள். அந்தக் குணத்தைத்தான் தேடுகிறோம்.

சுவரில் இறக்கை வரைந்து, நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்களே, அது வேண்டுமா?

வேண்டாம். ஒருவர் நிற்பார், இன்னொருவர் எடுப்பார், இருவரும் போய்விடுவார்கள். ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் நிறுத்துவதும் இந்த வகைதான். செய்பவர்களைக் குறை சொல்லவில்லை. எங்கள் நேரத்தையும் பெயின்டையும் அதற்குத் தருவதில்லை, அவ்வளவுதான்.

நம்ம ஊருக்கு இதெல்லாம் ஒத்துவருமா? வெளிநாட்டு யோசனை மாதிரி இருக்கிறதே?

மார்கழியில் விடிகாலை ஐந்து மணிக்குத் தெருவை அடைத்துப் புள்ளி வைக்கும் ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? குகையில் ஆடித் திருவிழாவின்போது வண்டி வேடிக்கை நடக்கிறதே, அது யார் செய்வது? ஒவ்வொரு பகுதிக்காரர்களும் சேர்ந்து புராணக் காட்சி ஒன்றை யோசித்து, வண்டியை ஜோடித்து, தங்கள் ஆட்களுக்கே வேஷம் கட்டி, ராத்திரியில் ஊர் நடுவே ஓட்டிக் காட்டுகிறார்கள். பல தலைமுறையாக நடக்கிறது. காசு வசூலிப்பது, வேலையைப் பிரித்துக்கொள்வது, கடைசி நிமிஷத்தில் சண்டை போடுவது என்று ஒரு கூட்டு வேலைக்கு வேண்டிய எல்லா அனுபவமும் சேலத்தாரிடம் ஏற்கெனவே இருக்கிறது.

பழைய கோயில் மண்டபங்களின் தரையைக் குனிந்து பார்த்தால் ஆடுபுலிக் கோடுகளும் பல்லாங்குழிக் குழிகளும் கல்லிலேயே வெட்டியிருப்பது தெரியும். யாரோ உட்கார்ந்து உளியால் வெட்டி, வருகிறவர்கள் ஆடட்டும் என்று விட்டுப் போயிருக்கிறார்கள்.

வெளிநாட்டில் பார்க்க வேண்டியது ஆம்ஸ்டர்டாம். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1947இலிருந்து, ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக்கலைஞர் அந்த நகரத்தில் 700க்கும் மேற்பட்ட சிறு ஆடுகளங்களை வடிவமைத்தார். இடிந்த வீடு இருந்த மனை, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே உள்ள சந்து, எதையும் விடவில்லை. ஒரு மணல் தொட்டி, தாவ நாலு கல், தொங்க ஒரு கம்பி, இவ்வளவுதான் சாமான். ஒரு தெருவில் வந்ததைப் பார்த்து அடுத்த தெருக்காரர்கள் எங்களுக்கும் வேண்டும் என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதினார்கள்.

எந்த இடத்தைத் தேர்வு செய்வது?

காலி இடம் எங்கே இருக்கிறது என்று தேடாதீர்கள். ஆட்கள் ஏற்கெனவே எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். தண்ணீர் வரும் குழாயடி, ரேஷன் கடை வாசல், அங்கன்வாடி முன்பக்கம், பால் பூத், பேருந்து நிறுத்தம், மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடி. காத்திருக்கும் மனிதருக்குக் கை சும்மா இருக்கும். அங்கே ஒரு தாயக்கட்டம் இருந்தால் உட்கார்ந்துவிடுவார்.

தரையில் வரைவதென்றால் முட்டுச்சந்துதான் முதல் தேர்வு. வண்டி குறுக்கே போகாது, வருகிற வண்டியும் அந்தத் தெருக்காரருடையதாகவே இருக்கும். பெரிய லே-அவுட்களில் பூங்காவுக்கென்று 10 சதவீத இடம் ஒதுக்கி உள்ளாட்சியிடம் ஒப்படைத்திருப்பார்கள். பல இடங்களில் அது முள்செடியும் கட்டட இடிபாடுமாகக் கிடக்கிறது. உங்கள் பகுதி வரைபடத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.

டிரான்ஸ்பார்மர் பக்கம், திறந்த சாக்கடை ஓரம், லாரி திரும்பும் முனை, இவை கூடவே கூடாது. இன்னொன்று, பாதாளச் சாக்கடைக்கோ குடிநீர்க் குழாய்க்கோ அந்தத் தெருவைத் தோண்டப் போகிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரில் புது ரோட்டைப் பார்த்தாலே தோண்டத் தோன்றுகிறது சிலருக்கு.

யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

இடம் யாருடையதோ அவரிடம். தனியார் சுவர் என்றால் வீட்டுக்காரரின் சம்மதத்தை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ச்சொல் போதாது. பொது இடங்களை அலங்கோலமாக்குவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1959இலிருந்தே இருக்கிறது. வண்ணம் பூச வந்தவர்களை போஸ்டர் ஒட்ட வந்தவர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மாநகராட்சித் தெரு, பூங்கா என்றால் உங்கள் மண்டல அலுவலகம். சேலத்தில் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று நான்கு மண்டலங்கள், 60 வார்டுகள். மனுவோடு போவதற்கு முன் வார்டு கவுன்சிலரிடம் சொல்லிவிடுங்கள். பகுதி சபா கூட்டம் நடக்கும்போது அங்கே எழுந்து பேசிவிட்டால் இன்னும் நல்லது. பத்துப் பேர் முன்னால் பேசிய விஷயம் பதிவாகும். ஏற்காடு மலைக் கிராமங்களில் இந்த வேலைக்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு முறை கூடும்.

பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையுடையவை. அங்கே வரைய ஆசைப்படாதீர்கள். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தில் 1990களில் ஒரு நாற்சந்தியை அக்கம்பக்கத்தார் வண்ணம் பூசிக் கூடும் இடமாக மாற்றினார்கள். நகர நிர்வாகம் முதலில் கூடாது என்றது. பிறகு அதற்கென்றே விதி வகுத்து அனுமதித்தது. அது குடியிருப்புப் பகுதித் தெரு. நம் அஞ்சு ரோடு சந்திப்பில் அதைச் செய்ய முடியாது.

வரையத் தெரிந்தவர்கள் எங்களில் யாரும் இல்லையே?

கோலம் போடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? 21 புள்ளி வைத்துச் சிக்குக் கோலத்தைக் கை எடுக்காமல் முடிப்பவருக்குப் பாண்டிக் கட்டமெல்லாம் ஒரு வேலையா?

பெரிய அளவில் வரைய வேண்டுமென்றால் பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட்களைத் தேடிப் போங்கள். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வேலை இல்லாமல் வேறு தொழிலுக்குப் போனவர்கள் எல்லாப் பேட்டையிலும் உண்டு. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வருஷத்துக்குப் பல படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஊர் இது. பேனர் எழுதும் கைகளுக்குப் பஞ்சமில்லாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. அவர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நீலப்பொடியில் தோய்த்த நூலை இரண்டு பக்கமும் இரண்டு பேர் இழுத்துப் பிடிப்பார்கள். நடுவில் ஒருவர் இரண்டு விரலால் தூக்கி விடுவார். 'டப்' என்று ஒரு சத்தம், இருபது அடிக்கு வகிடு எடுத்தது போலக் கோடு. பிறகு தாளில் போட்ட சின்னப் படத்தின் மேல் கட்டம், சுவரில் பெரிய கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறதோ அதை மட்டும் பார்த்து வரையச் சொல்வார்கள். இப்படிக் கட்டம் பிரித்துவிட்டால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகூட ஒரு கட்டத்தை எடுத்துச் செய்யலாம். முப்பது பேருக்கு வேலை கிடைக்கும். அவருக்குக் கூலியைக் கணக்காகக் கொடுத்துவிடுங்கள். "சேவைதானே அண்ணா" என்று இழுக்காதீர்கள்.

என்ன வரைந்தால் ஆடுவார்கள்? ஒன்றிரண்டு சொல்லுங்களேன்.

எதிர்ப் பாண்டி. வழக்கமான பாண்டிக்கு ஒரு முனைதான். இதில் வளைந்து வளைந்து போகும் ஒரே நீளப் பாதை, இரண்டு பக்கமும் தொடக்கம். இரண்டு அணிகள். இங்கிருந்து ஒருவர், அங்கிருந்து ஒருவர் நொண்டிக்கொண்டே வருவார்கள். எதிரெதிரே சந்திக்கும் இடத்தில் ஒற்றைக் காலில் நின்றபடியே கல், காகிதம், கத்தரி. தோற்றவர் விலக, அவர் அணியின் அடுத்தவர் ஓடி வர வேண்டும். வென்றவர் முன்னேறிக்கொண்டே போவார். எதிராளி முனையைத் தொட்டால் வெற்றி. கட்டம் ஒன்றரை அடி இருந்தால் போதும், பாதை நாற்பது கட்டமாவது போகட்டும்.

ஆடுபுலி. மூன்று புலி, பதினைந்து ஆடு, கோடுகள் சந்திக்கும் 23 இடங்கள். தரையில் பெரிதாக வரைந்தால் ஆட்களே காய்கள். ஆடுகிற பதினெட்டுப் பேரை நகர்த்த இரண்டு பேர். ஒரு பக்கம் தாவிப் பிடிக்கும், மறுபக்கம் சுற்றி வளைக்கும். ஆடாக நிற்கிற பிள்ளைகள் "என்ன ஏன்யா அங்க நிறுத்தின" என்று நகர்த்துபவரைத் திட்டுவதில்தான் பாதி சுவாரஸ்யம்.

பரமபதம் வைகுண்ட ஏகாதசி சமயத்தில் நன்றாக எடுபடும். பாம்புகளை வளைத்து வரைய இடம் தாராளமாக வேண்டும்.

குழாய் வரிசை பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். ஒரே விட்டம், ஒரே கனம் உள்ள இரும்புக் குழாயை வாங்கி வெல்டிங் பட்டறையில் இந்த நீளங்களில் வெட்டச் சொல்லுங்கள்: 100, 94, 89, 82, 77.5, 71 சென்டிமீட்டர். இவை முறையே ச, ரி, க, ப, த, மேல் ச, அதாவது மோகனம். இந்த ஐந்து சுரங்களை எந்த வரிசையில் தட்டினாலும் காதுக்கு உறுத்தாது. பழகாத கை தட்டுவதால் இந்த ராகத்தை எடுத்துக்கொண்டோம். நீளத்தைப் பாதியாக்கினால் மேல் ஸ்தாயி வந்துவிடும் என்று பட்டறைக்காரர் சொல்லக்கூடும். வீணைத் தந்திக்கு அது சரி. தொங்கும் குழாயில் அதிர்வெண் நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாக மாறுவதால் 71 சதவீதத்திலேயே மேல் ச வந்துவிடும். தொங்கவிடும் துளையை முனையிலிருந்து நீளத்தின் 22 சதவீதம் உள்ளே போடுங்கள். 100 சென்டிமீட்டர் குழாய்க்கு 22, 71க்கு ஏறத்தாழ 16. அந்த இடத்தில் குழாய் அதிர்வதில்லை, அதனால் கயிறு ஒலியை அமுக்காது. வேறு இடத்தில் கட்டினால் 'டொக்' என்று செத்துப்போன சத்தம்தான் வரும். ஆறையும் ஒரே இடத்தில் மாட்டாதீர்கள். ச, ரி, க ஒரு தூணில். ப, த, மேல் ச பத்தடி தள்ளி இன்னொரு தூணில். ஒருவரால் மெட்டு முடியாது, துணைக்கு ஆள் வேண்டும். தட்டும் கட்டைக்கு மரக்கைப்பிடியில் ரப்பர் சுற்றிச் சங்கிலியில் கட்டிவிடுங்கள். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று பார்த்து இடம் முடிவு செய்யுங்கள்.

பெரியவர்கள் வந்து ஆடுவார்களா? வெட்கப்பட மாட்டார்களா?

நின்று ஆடும் ஆட்டத்துக்கு வெட்கப்படுவார்கள். உட்கார்ந்து ஆடுவதற்கு மாட்டார்கள். அதனால் கல் பெஞ்சு போடுங்கள், அதன் நடுவில் பலகை வரட்டும்.

அம்மி கொத்துகிறவர் இன்னமும் தெருவில் வருகிறார். அவரிடம் பழைய கல் ஒன்றைக் காட்டிப் பல்லாங்குழி வெட்டச் சொல்லலாம். வரிசைக்கு ஏழாக 14 குழிகள். சிற்றுளியை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி, ஊதி, கட்டைவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி தட்டுவார். விளிம்பு விரலைக் கிழிக்காத அளவுக்கு வழவழப்பாக வரும்வரை விட மாட்டார். குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. தொலைந்தால் யார் வீட்டிலும் கேட்டு வாங்கலாம். அப்படி ஒரு பெஞ்சில் இரண்டு சிறுமிகள் விதி தெரியாமல் கொட்டையை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தபோது, காய்கறிப் பையோடு போன ஒரு அம்மா நின்றார். "கண்ணு, நாலு சேந்தா பசு. அது உன்னுது, எடு." "அப்படின்னா என்னங்க பாட்டி?" பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். கீரை வாடும்வரை எழுந்திருக்கவில்லை.

பெண் பிள்ளைகள் வருவதே இல்லையே?

திறந்த மைதானம் என்று விட்டால் சாயங்காலம் நாலரைக்கு ஸ்டம்ப் நட்டுவிடுவார்கள் பையன்கள். பந்து போகும் தூரம் முழுக்க அவர்கள் ராஜ்யம். பெண்கள், சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள் எல்லோரும் ஓரத்தில். இதைத் திட்டித் தீர்க்க முடியாது, இடத்தை அமைக்கும் விதத்தில்தான் தீர்க்க முடியும். ஒரு பெரிய ஓவியத்துக்குப் பதில் நாலைந்து சின்னக் கட்டங்களைத் தள்ளித் தள்ளிப் போடுங்கள். நடுவில் கல் பெஞ்சும் தாவும் கற்களும் வந்துவிட்டால் கிரிக்கெட் தானாகவே வேறு இடம் பார்த்துக்கொள்ளும். கிரிக்கெட்டுக்கு எங்கே இடம் என்பதையும் அந்தப் பையன்களோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்; இல்லாவிட்டால் மறுநாள் ராத்திரி தார் ஊற்றிவிட்டுப் போவார்கள்.

தெருவிளக்கு வெளிச்சம் முக்கியம். வீட்டு வாசலிலிருந்து பார்வைக்குப் படும் இடமாக இருக்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டை, பள்ளப்பட்டிப் பக்கம் வீட்டிலேயே கொலுசு வேலை செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது வேலைக்கு நடுவே கொஞ்ச நேரம். பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய் வந்து தொடரக்கூடிய ஆட்டம்தான் அவர்களுக்கு ஒத்துவரும். தாயம் அப்படிப்பட்டது. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்று காத்திருக்கும் நேரத்தில் ஊர்க்கதை முழுக்கப் பேசி முடிக்கலாம்.

பார்வை இல்லாதவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு?

பல்லாங்குழி கையால் தடவி ஆடுவது; பார்வை தேவையில்லை. ஆடுபுலிக் கோடுகளைப் பெயின்டில் போடாமல் கல்லில் பள்ளமாக வெட்டிவிட்டால் அதுவும் அப்படியே. புலிக்கும் ஆட்டுக்கும் வெவ்வேறு வடிவக் காய் வையுங்கள். சக்கர நாற்காலிக்குப் பலகையின் அடியில் முழங்கால் நுழைய இடம் விடுங்கள், வரும் வழியில் படி இல்லாமல் சரிவு வையுங்கள்.

என்ன பெயின்ட் வாங்குவது? எவ்வளவு ஆகும்?

சுவருக்கு வெளிப்புற எமல்ஷன். இரண்டு முறை பூச லிட்டருக்கு 50 முதல் 60 சதுர அடி வரை வரும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். புதிதாகப் பூசிய சிமென்ட் என்றால் 28 நாள் ஆறட்டும், பிறகு பிரைமர், பிறகுதான் வண்ணம். அவசரப்பட்டால் முதல் கோடையிலேயே வறட்டி உரிவது போல உரியும்.

தரைக்கு எமல்ஷன் நிற்காது. ரோட்டில் கோடு போடும் பெயின்ட் அல்லது சிமென்ட் தரைக்கான எபாக்ஸி. கடைசிப் பூச்சின் மேல் சலித்துக் கழுவிய மெல்லிய மணலைத் தூவிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு தூறலுக்கே பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள். அடர் நீலம், கறுப்பு, கரும்பச்சை எல்லாம் கோட்டுக்கு மட்டும். கால் படும் பரப்புக்கு வெள்ளை, வெளிர் மஞ்சள், இளங்காவி. சேலத்துச் சித்திரை வெயிலில் கறுப்புக் கட்டத்தில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், தெரியும்.

வண்ணச் சேர்க்கையில் இன்னொரு எச்சரிக்கை. கறுப்பும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒரு கட்சி, நடுவில் வெள்ளை சேர்ந்தால் இன்னொன்று, நீலம் வந்தால் வேறொன்று என்று படித்துவிடுவார்கள் நம்மவர்கள். ஆறேழு நிறங்களைக் கலந்து போட்டுவிடுங்கள், யாருக்கும் சொந்தம் கொண்டாட வராது. தேர்தல் நேரத்தில் புதிதாக எதுவும் தொடங்காமல் இருப்பது உத்தமம்.

பணத்துக்கு: தெருவில் வசூல், பெயின்ட் கடைக்காரரிடம் தள்ளுபடி, பழைய பொருள். வேலை பெரிதென்றால் நமக்கு நாமே திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். மக்கள் ஒரு பங்கு போட, மீதியை அரசு தரும். ஒரே ஒருவர் மொத்தச் செலவையும் ஏற்கிறேன் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். நன்கொடையாளர் பெயர் ஓவியத்தைவிடப் பெரிதாகிவிடும். வீட்டுக்கு ஐம்பது ரூபாய் வாங்கினால் எல்லா வீட்டுக்காரரும் அதன் மேல் ஒரு கண் வைத்திருப்பார்கள்.

பழைய டயரைப் பயன்படுத்தலாமா?

சங்ககிரி லாரிக்காரர்கள் இருக்கும்வரை நமக்கு டயருக்குக் குறைவில்லை. பெங்களூரின் ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ் பழைய டயர்களைக் கொண்டே ஆடுகளங்கள் கட்டும் அமைப்பு. அவர்கள் செய்தவற்றைப் பார்த்தால் டயரில் இத்தனை வடிவமா என்று இருக்கும். பயன்படுத்தலாம், ஆனால் மூன்று விஷயம். டயரை வெட்டினால் உள்ளே இருக்கும் கம்பி துருத்திக்கொண்டு நிற்கும், வெட்டாமல் முழுசாகப் புதையுங்கள். அடிப்பக்கம் தரைக்கு மேலே தெரிவதாக இருந்தால் பல இடங்களில் துளை போடுங்கள்; தேங்கிய நல்ல தண்ணீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரம், பத்து நாளில் முழுக் கொசுவாகிப் பறந்துவிடும், பிறகு டெங்குவுக்குக் காரணம் உங்கள் ஓவியம்தான் என்பார்கள். அப்புறம், போகி அன்று காவல் வையுங்கள்.

ஏற்காட்டில் செய்ய வேண்டுமென்றால் வேறு மாதிரியா?

ரொம்பவே வேறு. அடிவாரத்தில் எதிரி வெயில், மேலே ஈரம். பனிமூட்டமும் மழையும் சேர்ந்து பெயின்டை அடியிலிருந்து தூக்கிவிடும், தரையில் பாசி பிடிக்கும். மலையில் வண்ணத்தை நம்பாதீர்கள், கல்லையும் உடைந்த ஓட்டையும் நம்புங்கள். சண்டிகரில் சாலைத் துறை ஊழியராக இருந்த நேக் சந்த் 1957இலிருந்து யாருக்கும் தெரியாமல் உடைந்த வளையல், பீங்கான், டைல்ஸ் துண்டுகளைச் சேர்த்துச் செய்த பாறைப் பூங்கா 1976இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு இன்றும் நிற்கிறது. அங்கே பெரிய ஊஞ்சல்கள்கூட உண்டு. டைல்ஸ் கடையில் உடைந்த துண்டு சும்மாவே கிடைக்கும். கூர்முனையை உரைத்துவிட்டுப் பதியுங்கள்.

எஸ்டேட்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தை வெட்டும்போது கட்டை கேட்டு வாங்கலாம். மண்ணில் நேராக நட்டால் சீக்கிரம் இற்றுப்போகும், கல் மேல் உட்காரவையுங்கள். தொங்கும் பொருள் எதையும் குரங்கு விடாது. குழாய் வரிசையைக் கயிற்றில் மாட்டினால் மறுநாள் காலை கயிறு மட்டும் இருக்கும், போல்ட் போட்டு ரப்பர் வாஷர் வையுங்கள். எஸ்டேட் ஓரங்களில் காட்டெருமை வருகிற வழியா என்று அந்தக் கிராமத்துக்காரர்களைக் கேட்காமல் எதையும் நடாதீர்கள். சரிவை வெட்டிச் சமன் செய்வதற்கு மலைப்பகுதி விதிகள் தனி. சமமாக இருக்கும் இடமாகவே பாருங்கள்.

இன்னொரு ஆலோசனை. மே மாதக் கோடை விழாவுக்கு வருகிறவர்களை மனதில் வைத்துச் செய்யாதீர்கள். ஏரிக்கரையில் வைத்தால் சுற்றுலாக்காரர்கள் ஆடிவிட்டுப் போவார்கள். மலைக் கிராமத்துப் பள்ளிக்கூட வாசலில் வைத்தால் வருஷம் முழுக்க ஆட ஆள் உண்டு.

எங்கள் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் ஆகாது. எந்தத் தெருவில் வைப்பது?

இரண்டும் சந்திக்கும் இடத்தில். அது முடியாதென்றால் இரண்டு தெருவிலும் பாதிப் பாதி, அதாவது எதிர்ப் பாண்டியின் ஒரு முனை இங்கே, மறுமுனை அங்கே. ஆகாததற்கு என்ன காரணம் என்பது அங்கே குடியிருப்பவர்களுக்கே தெரியும், சில காரணங்களைப் பெயின்ட் தீர்க்காது. ஆனால் "எல்லோரும் வரலாம்" என்று வாயளவில் சொல்லிவிட்டு ஒரு சாராரின் கோயில் சுற்றுச்சுவருக்குள் வைக்காதீர்கள். குழாயடி, ரேஷன் கடை என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சாமி படமும் வேண்டாம். சுவரில் சிறுநீர் கழிக்காமல் இருக்கச் சாமி படம் வரையும் வழக்கம் உண்டே, அதன் பக்கத்தில் பிள்ளைகளை ஆடச் சொல்ல முடியாது, "சாமி மேல பந்து படுது" என்று ஒரு பஞ்சாயத்து தொடங்கிவிடும்.

யாராவது கெடுத்துவிட்டால்?

போஸ்டர் ஒட்டுவார்கள். வெற்றிலை எச்சில் துப்புவார்கள். ஆனால் உண்மையான எதிரி இவர்கள் இல்லை, வண்டி நிறுத்துகிறவர்கள். கட்டத்தின் மேல் ஒரு கார் நாலு நாள் நின்றால் ஆட்டம் மறந்துபோகும். இரண்டு பெரிய கல்லை நுழைவில் போட்டுவிடுங்கள். ஆம்புலன்ஸ் வந்தால் உருட்டித் தள்ளக்கூடிய அளவில்.

கெட்டுப்போனதை மறுநாளே சரிசெய்தால் பொதுவாக மறுபடி கை வைப்பதில்லை. அதற்காக ஒவ்வொரு நிறத்திலும் கால் லிட்டர் மிச்சம் பிடித்து ஒரு வீட்டில் வையுங்கள்.

எத்தனை காலம் இருக்கும்?

தரை ஓவியம் ஒரு மழைக்காலம் தாண்டினால் மங்கத் தொடங்கும். சுவர் இன்னும் சில வருஷம். கல் நமக்குப் பிறகும் இருக்கும். தரையில் உள்ளது அழிவது குறையில்லை. தை மாதம் பொங்கலுக்கு முன் புதிதாகப் பூசும் வழக்கம் வந்துவிட்டால், போன வருஷம் வேடிக்கை பார்த்தவர் இந்த வருஷம் பிரஷ் பிடிப்பார். எந்த ஆட்டத்தை யாரும் ஆடவில்லையோ அதை அப்போது எடுத்துவிட்டு வேறு போடலாம்.

எதிலிருந்து தொடங்குவது?

கோலமாவிலிருந்து. பெயின்ட் வாங்கும் முன் சனிக்கிழமை சாயங்காலம் நினைத்த இடத்தில் கோலமாவிலேயே எதிர்ப் பாண்டியைப் போடுங்கள். யார் வருகிறார்கள், எங்கே முட்டிக்கொள்கிறார்கள், எந்த வீட்டுக்காரர் கதவைச் சாத்துகிறார் என்று பாருங்கள். ஞாயிறு கூட்டிவிட்டு வேறு இடத்தில் போடுங்கள். இரண்டு மூன்று வாரம் இப்படிப் போனால் இடமும் ஆட்டமும் தானே முடிவாகிவிடும்.

நீங்களே வந்து எங்கள் தெருவில் செய்து தருவீர்களா?

வருவோம், செய்து தர மாட்டோம். நூலும் நீலப்பொடியும் குழாய் அளவுத் தாளும் கொண்டுவருகிறோம். இடம் பார்க்கும் நாளில் தெருக்காரர்கள் குறைந்தது பத்துப் பேராவது இருக்க வேண்டும், அதில் பாதிப் பேர் பெண்கள், இரண்டு பேராவது பத்து வயதுக்குக் கீழே. டீயும் தட்டுவடை செட்டும் உங்கள் செலவு.